மட்டக்களப்பு டவுனில் குடியிருக்கலாமா? மாரியில் வந்து பாருங்கள்

வவுனியாவிலிருந்து வேலை மாற்றலாகி தை மாதம் வரப்போகிற ஒருவர் கேட்டிருக்கிறார்: மட்டக்களப்பு டவுனுக்குள் குடும்பத்தோடு இருக்கலாமா, முடிந்தால் ஒரு காணி வாங்கிப் போடலாமா, இங்கே இருக்கிற ஆட்களுக்கு என்னதான் குறை?

இருக்கலாம், தாராளமாக. குறை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வோம். படித்த பிள்ளைக்கு வேலை இல்லை, கட்டாக்காலி மாடு இரவில் நடு ரோட்டில் படுத்திருக்கிறது, குப்பை வண்டி சொன்ன நாளுக்கு வரவில்லை. இதெல்லாம் உங்கள் ஊரிலும் இருக்கும். இந்த ஊருக்கென்றே உள்ள கவலை மழைத் தண்ணீர்தான். வீடு பார்க்கப் போனால் வாடகையைப் பிறகு பேசுங்கள். மாரியில் வளவுக்குள் தண்ணி நிற்குமா என்று முதலில் கேளுங்கள். அதையும் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

டவுன் இருப்பது வாவிக்கும் கடலுக்கும் நடுவே. வாவி தெற்கே கல்முனைப் பக்கம் வரை 50 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அது கடலோடு சேரும் வாய் ஒன்று பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரத்தில், மற்றது பெரிய கல்லாற்றில். வெயில் காலத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து தள்ளி அந்த வாயை அடைத்துவிடும். கார்த்திகை, மார்கழியில் மழை கொட்டும்போது உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவைத் திறப்பார்கள். மேற்கேயிருந்து வரும் அவ்வளவு தண்ணீரும் வாவிக்குள்தான் வந்து சேரும். டவுனின் கான்களும், அதாவது வடிகால்களும், அதற்குள்தான் விழுகின்றன. வாவி உயர்ந்துவிட்டால் கான் வடியாது, சில இடங்களில் தண்ணீர் திரும்பி ஏறும். மழை விட்டு வெயில் எறித்த பிறகும் ஒழுங்கையில் முழங்கால் அளவு நிற்பது அதனால்தான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: டவுனுக்குக் குழாயில் வரும் குடிதண்ணீரும் அதே உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர்தான்.

அப்படியென்றால் முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டியதுதானே என்பீர்கள். வெட்டுவார்கள், ஆனால் எப்போது வெட்டுவது என்பதில் ஒவ்வொரு மாரியிலும் இழுபறி. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வேளாண்மைக்காரர் வயல் அழுகுது, இன்றைக்கே வெட்டு என்பார். வாவியில் வலை போடுகிறவர் அவசரப்பட்டு வெட்டினால் இறால் எல்லாம் கடலோடு போய்விடும் என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். கூட்டம் வைத்துப் பேசி முடிவெடுப்பதற்குள் டவுனில் நாங்கள் கதிரையின் மேல் கதிரை அடுக்கி அரிசி மூட்டையைத் தூக்கி வைத்திருப்போம்.

ஆனாலும் எனக்கு முகத்துவாரத்தை விடப் பெரிய கோபம் கிறவல் மண் மேலேதான். புதிதாக வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் லோட் லோட்டாகக் கிறவல் பறித்து வளவை ரோட்டை விட இரண்டடி உயர்த்துகிறார்கள். அவர் வளவில் தண்ணி நிற்காது, உண்மைதான். அது முன்பு நின்ற இடத்தை விட்டுப் பக்கத்துப் பழைய வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வருசம் அந்த வீட்டுக்காரரும் கடன்பட்டு மண் போடுவார். மறுகா ரோட்டை கொங்கிரீட் போட்டு உயர்த்துவார்கள், எல்லாரும் திரும்பப் பள்ளத்தில். தண்ணீர் தங்கிப் போகும் பள்ளக் காணிகளை நிரப்பி விற்பதைத் தடுக்காமல் கான் மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது என்பது என் அபிப்பிராயம். என் தெருவில் இதைச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவார்கள், அது வேறு கதை.

இடம் என்று பார்த்தால், கூழாவடி, இருதயபுரம் பக்கம் நல்ல அமைதியான ஒழுங்கைகள் உண்டு, ஆனால் பள்ளம் பார்த்துத்தான் போக வேண்டும். கல்லடி, நாவற்குடாப் பக்கம் மணல் தரை, தண்ணீரைச் சீக்கிரம் இழுத்துவிடும். ஆனால் அங்கே கடல் பக்கம். 2004 சுனாமியில் கரையோரத்து நாவலடி பட்ட பாட்டை ஊரில் யாரும் மறக்கவில்லை, கரையோடு ஒட்டி வீடு எடுக்கப் பலர் இன்னும் தயங்குகிறார்கள். கல்லடிப் பக்கம் இருந்தால் காலையில் பாலம் கடந்துதான் டவுனுக்குள் வர வேண்டும். 1924இல் திறந்த ஒற்றை வழிப் பழைய பாலத்தில் ஒரு பக்கம் நின்று மற்றப் பக்கம் போன காலம் போய், 2013இல் புதுப் பாலம் வந்தது. பெரிய நிம்மதி. பள்ளிக்கூட நேரத்தில் மட்டும் கொஞ்சம் முன்னாலே கிளம்புங்கள்.

மற்றபடி வாழ்க்கை லேசானது. ஆஸ்பத்திரி, பழைய பெரிய பள்ளிக்கூடங்கள் எல்லாம் டவுனின் பழைய நடுப்பகுதியான புளியந்தீவிலும் அதை ஒட்டியும்தான். துணிமணிக்குக் காத்தான்குடி பக்கத்திலேயே. மீனும் எருமைத் தயிரும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கொழும்புக்கு இரவு ரயில் உண்டு. உங்கள் வவுனியாவுக்கு ரயிலில் போவதென்றால் மாகோவில் இறங்கி மாற வேண்டும், பேசாமல் பஸ்ஸில் போங்கள்.

காணியை வந்த உடனே வாங்காதீர்கள். வாடகைக்கு இருந்து ஒரு மாரியைக் கழித்துவிட்டு, எந்த ஒழுங்கையில் யார் வீட்டில் தண்ணி ஏறுகிறது என்று நடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வாடகை வீட்டுக்கும் ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் தையில் வருவதால் உங்களுக்கு வசதி: சுவரின் அடிப்பக்கம், கதவு நிலை, வெளிக் கக்கூஸ் சுவர் எல்லாம் பாருங்கள், தண்ணீர் நின்ற கோடு அப்படியே தெரியும். பங்குனி வரை இழுத்தடித்துவிடாதீர்கள், சித்திரை வருசத்துக்கு எல்லாரும் பெயின்ட் அடித்துவிடுவார்கள்.