சபர் (பயணம்) கிளம்பும் முன்: கேள்வி பதில்

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். கேட்டவரின் ஊர்ப் பெயர் கேள்விக்கு முன்னால் இருக்கும். விசா, ஏஜென்ட், ஒப்பந்தம் பற்றிக் கேளுங்கள். டிக்கெட் விலை எனக்குத் தெரியாது.

கீழக்கரை: காக்கா (அண்ணே), மகன் எட்டாவது வரை படித்தவன். "விசிட் விசாவில் போ, துபாயில் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் ஏஜென்ட். அனுப்பலாமா?

அனுப்பாதீங்க. பத்தாவது தேறாதவருக்கு ஈ.சி.ஆர். பாஸ்போர்ட், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட். அமீரகம், சவூதி, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அந்தச் சோதனையைத் தவிர்க்கத்தான் விசிட் விசா. முறையாகப் போனால் கையில் ஒப்பந்தம் இருக்கும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற அரசுத் திட்டத்தில் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் காப்பீடும் இருக்கும். விசிட்டில் போனவனுக்கு இரண்டும் இல்லை. ஏஜென்ட்டின் பதிவு எண்ணை வாங்கி அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். எண் இல்லாதவருக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ரசீது கட்டாயம்.

தொண்டி: துபாயில் இருக்கும் தம்பிக்குக் கசகசா கொடுத்துவிடலாமா?

கூடவே கூடாது. அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள், ஜெயில் வரை போகும். டிரமடால் போன்ற வலி மாத்திரையும் அனுமதி இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள். அடுத்தவர் தரும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஏர்வாடி: ஹஜ் விண்ணப்பம் எப்படி?

ஹஜ் கமிட்டியில் கேளுங்கள்.

பெரியபட்டினம்: சவூதிக்கு ஃப்ரீ விசா கிடைத்திருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாமாமே?

அப்படி ஒரு விசாவே கிடையாது, தம்பி. யாரோ ஒரு கஃபீல், அதாவது விசா எடுத்துக் கொடுக்கும் முதலாளி, பெயரில்தான் அது வரும். அவரிடம் வேலை பார்க்காமல் வெளியே பார்த்தால் சட்டப்படி குற்றம்.

தேவிபட்டினம்: என் மச்சான் அப்படித்தான் போனார், வீடே கட்டிவிட்டார். ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

உங்கள் மச்சானுக்கு வாய்த்த கஃபீல் நல்லவர். வேறொருவர் வருஷா வருஷம் பணம் கேட்பார். தராவிட்டால் 'ஓடிப்போனான்' என்று ஹுரூப் புகார் போடுவார். அதனால் இக்காமா (தங்கும் அனுமதி) செல்லாமல் போகலாம். பிடிபட்டால் தடுப்புக்காவல், ஊருக்கு அனுப்புதல், திரும்ப வரத் தடை. வெளியே வேலை கொடுத்தவர் சம்பளம் தராவிட்டாலும் வழக்குப் போட ஒப்பந்தம் இருக்காது. வீடு கட்டியவரை ஊரே பார்க்கிறது. வெறுங்கையோடு திரும்பியவர் வெளியே சொல்வதில்லை.

பெரியபட்டினம்: அப்போ எல்லாரும் பொய்யா சொல்கிறார்கள்?

தப்பித்தவர்கள் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். நீங்கள் விசாவில் எழுதியிருக்கும் வேலையையும் கஃபீல் பெயரையும் படியுங்கள்.

தொண்டி: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம், டிக்கெட் இலவசம்?

போகாதீர்கள். அங்கிருந்து மியான்மர் எல்லைக்குக் கடத்தி, இணைய மோசடி செய்ய வைக்கிறார்கள்.

ஏர்வாடி: ஏஜென்ட் தெரிந்தவர்தான், எண் கேட்கச் சங்கடமாக இருக்கிறது.

மேலே சொல்லிவிட்டேன். கேளுங்கள்.

மண்டபம்: அண்ணே, பஹ்ரைனில் கடல் தொழிலுக்குப் போகிறேன். எதைக் கவனிக்கணும்?

விசாவிலும் ஒப்பந்தத்திலும் மீன்பிடி வேலை என்றே இருக்கணும். சம்பளமா, பங்கா என்பதும் எழுத்தில் வேணும். அங்கே கடல் குறுகல். ஈரான், கத்தார் எல்லை பக்கம். தாண்டினால் பிடிபடுவது வலை இழுக்கும் நீங்கள்தான், கரையில் இருக்கும் முதலாளி இல்லை. ஜி.பி.எஸ்.ஸில் எல்லையைக் குறித்து வையுங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்த நகலும், முதலாளி பெயரும், படகு எண்ணும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். நீங்கள் பிடிபட்டால் தூதரகத்துக்கு எழுத வீட்டுக்காரம்மாவுக்கு அவை வேண்டும்.