லத்தீன் தெரியாமல் கேம்பிரிட்ஜ் போகும் மகளுக்கு

சகோதரி, உங்கள் மகளுக்குக் கேம்பிரிட்ஜில் கிரேக்க, லத்தீன் செவ்வியல் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. பள்ளியிலேயே லத்தீன் படித்த பிள்ளைகள் நடுவில் ஒட்டாமல் போய்விடுவாளோ என்று கேட்டிருந்தீர்கள். அவள் சேர்வது நான்கு ஆண்டுப் படிப்பு என்றால் அந்தக் கவலை வேண்டாம். லத்தீன் தெரியாதவர்களுக்காகவே வைத்த வழி அது. முதல் ஆண்டில் அடியிலிருந்து சொல்லித் தருவார்கள், கூடப் படிப்பவர்களும் அதே நிலையில்தான் வருவார்கள். நானும் அப்படிப் போனவள்தான். லத்தீனிலும் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கு ஏற்ப உருமாறும்; அதனால் பள்ளியில் தமிழ் இலக்கணத்தில் மனப்பாடம் செய்த எட்டு வேற்றுமை அங்கே உண்மையிலேயே கைகொடுத்தது.

அப்புறம், துறைக் கட்டடத்திலேயே கிரேக்க, ரோமானியச் சிலைகளின் 400க்கும் மேற்பட்ட சுதை வார்ப்புகள் (அச்செடுத்துச் செய்த நகல்கள்) கொண்ட அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு பெண் சிலைக்கு இரண்டு நகல்கள்: வெள்ளையாக ஒன்று, பளிச்சென்ற சிவப்பு உடையில் இன்னொன்று. பழைய சிலைகளுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

தோழமை பிடிக்க நல்ல இடம் கேம்பிரிட்ஜின் கிரேக்க நாடகம். 1882இல் தொடங்கியது, இப்போது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, பழைய கிரேக்க மொழியிலேயே மாணவர்கள் நடிக்கிறார்கள். அவள் இருக்கும் நான்கு ஆண்டில் ஒருமுறையாவது வரும். நடிக்கக் கூச்சமென்றால் மேடைக்குப் பின்னால் வேலைக்காவது பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். இன்றைக்கும் என்னோடு பேசும் தோழிகள் எனக்கு அங்கேதான் கிடைத்தார்கள்.