ஆறு மடாதிபதிகளும் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியும்

வணக்கம்.

பிரான்ஸில் இருந்த க்ளூனி துறவு மடத்தைப் பற்றி எழுதும்போது, 910இலிருந்து 1109 வரை அங்கே ஆறே மடாதிபதிகள்தான் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டவில்லை. அதே காலத்தில் ரோமில் எத்தனை போப்புகள்! ஆறு பேரும் நல்லவர்களாகவும் நீண்ட ஆயுள் உள்ளவர்களாகவும் அமைந்தது வெறும் அதிர்ஷ்டமா? பெனடிக்ட் சபையில் துறவிகளே கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று படித்திருக்கிறேன். இது அந்த முறையின் வெற்றியா? அப்படியென்றால் பிறகு ஏன் சரிந்தது?

எஸ். ஆர்.

அன்புள்ள எஸ். ஆர்.,

ரோமில் ஏறத்தாழ நாற்பது பேர். ஒப்பீடு சரிதான். ஆனால் ஒரு சின்னத் திருத்தம். ஆறு பேருக்கும் ஆயுள் கெட்டி என்று நான் எழுதியதுபோல் தொனித்திருந்தால் தவறு என்னுடையது. முதல் மடாதிபதி பெர்னோ 17 வருடம், அடுத்து ஓடோ 15, எய்மார் 12. இதெல்லாம் எந்த மடத்திலும் நடப்பதுதான். கணக்கை இழுத்துக்கொண்டு போனவர்கள் பின்னால் வந்த மூவர்: மயோல் 40 வருடம், ஒடிலோ 55, ஹியூ 60. மூன்றே பேர், 155 வருடம். இதில் அதிர்ஷ்டம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஹியூ பொறுப்பேற்றபோது அவருக்கு 25 வயதுகூட ஆகியிருக்கவில்லை.

தேர்தல் பற்றி நீங்கள் படித்ததும் சரி. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று சொல்லும் புனித பெனடிக்ட், தன் ஒழுங்குநூலின் 64ஆம் அத்தியாயத்தில் அதைத்தான் வைத்திருக்கிறார். மடத்தார் அனைவரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது எண்ணிக்கையில் குறைவானாலும் தெளிவான புத்தி உள்ளவர்கள் தேர்ந்தெடுக்கலாம். இந்த இரண்டாவது பகுதியைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பாவில் எத்தனையோ மடங்கள் சண்டை போட்டிருக்கின்றன. தெளிவான புத்தி தன் பக்கம் இல்லை என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

ஆனால் க்ளூனியின் நல்ல காலத்தில் இது எழுத்துப்படி நடக்கவில்லை. மடத்தை நிறுவிய அக்விதேன் பிரபு வில்லியம் 910இல் எழுதிக்கொடுத்த சாசனம், பெர்னோ இறந்தபின் துறவிகள் தங்கள் விருப்பப்படி தலைவரைத் தேர்ந்துகொள்ளலாம் என்கிறது. பெர்னோ என்ன செய்தார்? உயில் எழுதினார். தன் பொறுப்பில் இருந்த மடங்களைச் சொத்துப் பிரிப்பதுபோல் பிரித்து, சிலவற்றைத் தன் உறவினருக்கும் க்ளூனியை ஓடோவுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். எய்மார் உயிரோடு இருக்கும்போதே மயோலைத் தன் இடத்தில் உட்கார வைத்தார். மயோல் அதே மாதிரி ஒடிலோவை. துறவிகள் கூடிச் சம்மதம் சொன்னார்கள் என்று ஆவணங்களில் இருக்கும். ஆள் யார் என்பது அதற்கு முன்பே முடிவாகியிருக்கும்.

க்ளூனியைக் காப்பாற்றியது இந்தக் கைமாற்றல்தான் என்பது என் எண்ணம். அடுத்தவர் சில வருடமாவது பழையவரின் பக்கத்தில் இருந்து வேலை கற்றுக்கொண்டார். மடாதிபதி இறந்து, நாற்காலி காலியாகி, அந்த இடைவெளியில் அக்கம்பக்கத்துப் பிரபு தன் தம்பியையோ மருமகனையோ கொண்டுவந்து திணிப்பதுதான் அன்றைய வழக்கம். க்ளூனியில் அந்த இடைவெளியே பெரும்பாலும் இல்லை. சாசனமும் ஒத்துழைத்தது. அரசனோ பிரபுவோ ஆயரோ, போப்பேகூட, மடத்தின் சொத்தில் கைவைக்கக் கூடாது என்று வில்லியம் எழுதியிருந்தார். ரோமுக்குச் செலுத்த வேண்டியது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பத்துக் காசு, அதுவும் அப்போஸ்தலர் கோயில் விளக்குக்காக.

ஆனாலும் ஒரே மடத்தில் இரண்டு மடாதிபதிகள் இருந்தால் என்ன ஆகும்? இதற்கு ஒரு கதை உண்டு. அடுத்த நூற்றாண்டில் பீட்டர் டேமியன் என்ற துறவி எழுதிவைத்தது. எய்மாருக்குக் கண் தெரியாமல் போய்விட்டது. பொறுப்பை மயோலிடம் கொடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கியிருந்தார். ஒருநாள் கொஞ்சம் பாலாடைக்கட்டி வேண்டும் என்று சொல்லியனுப்பினார். உக்கிராணம் பார்த்துக்கொண்டிருந்த துறவிக்கு என்ன எரிச்சலோ, இத்தனை மடாதிபதிகளுக்கு என்னால் ஊழியம் செய்ய முடியாது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டார். கிழவர் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கைத்தாங்கலாகத் துறவிகள் கூடும் கூடத்துக்குப் போனார். மயோலிடம், நான் உனக்கு அடங்கியவனா, நீ எனக்கு அடங்கியவனா என்று கேட்டார். நான்தான் உங்களுக்கு அடங்கியவன் என்றார் மயோல். அப்படியானால் எழுந்திரு என்று சொல்லி, தன் பழைய இருக்கையில் உட்கார்ந்து, உக்கிராணத் துறவிமேல் குற்றம் சாட்டி, தண்டனையும் விதித்தார். வேலை முடிந்ததும் எழுந்து, மயோலை மறுபடி அங்கே உட்காரச் சொன்னார்.

எனக்கு இதில் பிடித்தது எய்மாரின் கோபம் இல்லை, மயோல் எழுந்து நின்றது. போப் பதவி தேடிவந்தபோது வேண்டாம் என்றவர் அவர். 972இல் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கையில் சரசேனியர் எனப்பட்ட முஸ்லிம் கொள்ளையர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஆயிரம் பவுண்டு வெள்ளி கொடுத்து மடம் அவரை மீட்டது.

ஒடிலோவைப் பற்றி நிறையச் சொல்லலாம், இங்கே ஒன்று மட்டும். நவம்பர் 2ஆம் தேதி நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவத்தியும் பூவுமாகக் கூட்டம் நிற்குமே, அந்த நாளை இறந்தோர் எல்லோருக்குமான வேண்டுதல் நாளாக க்ளூனி மடங்களில் ஏற்படுத்தியவர் அவர்தான். அங்கிருந்துதான் அது பரவியது.

சரிவு எங்கே தொடங்கியது என்று கேட்டால், பலரும் ஹியூவுக்குப் பிறகு என்பார்கள். நான் ஹியூவிடமே என்பேன். அவர் திறமைசாலி, சந்தேகமே இல்லை. நான்காம் ஹென்றி பேரரசருக்கு ஞானத்தந்தை. 1077இல், ஹென்றி பேரரசராக முடிசூடும் முன்பே, இத்தாலியின் கனோஸாக் கோட்டையில் அவருக்கும் போப்புக்கும் நடுவே சமரசத்துக்கு நின்றவர். ஆனால் எல்லாமே அவர் ஒருவரில் வந்து முடிந்தது. கிளை மடங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி மடாதிபதி கிடையாது. மேற்பார்வைக்குப் பிரியர் என்று ஒரு துணைத்தலைவர் இருப்பார், அவ்வளவுதான். அங்கே துறவு ஏற்கும் ஒவ்வொருவருக்கும் தலைவர் க்ளூனியில் இருப்பவர். நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஒரே அப்பா. பெனடிக்ட் மனதில் வைத்திருந்தது, தன் பிள்ளைகளின் முகம் தெரிந்த ஒரு தகப்பனை.

பணமும் அப்படித்தான். 1088இல் ஹியூ தொடங்கிய மூன்றாவது கோயிலின் நீளம் முடிவில் 187 மீட்டர். ரோமில் புனித பேதுரு கோயிலைப் புதிதாகக் கட்டும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரிய கோயில் இல்லை. அதற்கான பொன்னில் பெரும்பங்கு ஸ்பெயினிலிருந்து, லியோன்-காஸ்டில் அரசர் ஆறாம் அல்ஃபோன்ஸோ ஆண்டுதோறும் தருவதாகச் சொன்ன இரண்டாயிரம் பொற்காசிலிருந்து வந்தது. அது அவருக்கு முஸ்லிம் சிற்றரசர்கள் கட்டிய கப்பம். 1109 ஏப்ரலில் ஹியூ இறந்தார். அதே வருடம் ஜூலையில் அல்ஃபோன்ஸோவும் இறந்தார். கோயில் பாதியில் நின்றது, பொன் வரத்து வற்றியது.

அடுத்து வந்த பொன்ஸுக்கு இதெல்லாம் தலையில் விழுந்தது. அறுபது வருடம் ஒரே முகத்தைப் பார்த்துப் பழகிய மடத்தில் எவர் வந்து உட்கார்ந்திருந்தாலும் கஷ்டம்தான். ஆனால் அவரும் சும்மா இருக்கவில்லை. 1122இல் பதவியைத் துறந்து எருசலேமுக்குப் போனார். சில வருடத்தில் திரும்பிவந்து, ஆயுதம் தாங்கிய ஆட்களோடு மடத்துக்குள் புகுந்து பிடித்துக்கொண்டார். மடத்துப் பொன் வெள்ளியை உருக்கி அவர்களுக்குக் கூலி கொடுத்தார். போப் அவரைச் சபையிலிருந்து விலக்கினார். 1126இல் ரோமில், காவலில் இருந்தபடியே செத்துப்போனார். மயோலை மீட்க வெள்ளி கொடுத்த மடம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த நேரத்தில் நாற்காலியில் இருந்தவர் வணக்கத்துக்குரிய பீட்டர். வந்தபோது முப்பது வயது இருக்கும். 1156இல் இறக்கும்வரை அவர் செய்ததில் பாதி, கடன் அடைப்பது. முந்நூறு துறவிகள் இருந்தார்கள், மடத்தின் வருமானம் நூறு பேருக்குக்கூடப் போதவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அதற்கு நடுவில் குர்ஆனை லத்தீனில் மொழிபெயர்க்க ஆள் பிடித்தார், எல்லோரும் துரத்திய தத்துவ அறிஞர் அபெலார்டுக்கு அடைக்கலம் கொடுத்தார். ஆறு பேரில் இவர் இல்லை, ஆனால் எனக்குப் பிடித்த க்ளூனிக்காரர் இவர்தான்.

அதற்குப் பிந்தைய கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நீட்ட அதில் சுவையில்லை. 14ஆம் நூற்றாண்டில் மடாதிபதி நியமனம் பெரும்பாலும், அப்போது ரோமை விட்டு அவிஞோனில் இருந்த போப்புகளின் கைக்குப் போனது. போப்பும் பிரெஞ்சு அரசரும் செய்துகொண்ட 1516 ஒப்பந்தத்துக்குப் பிறகு அரசர் கைக்கு. மடத்தில் தங்காமலேயே வருமானத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் மடாதிபதிகள் வந்தார்கள். கார்டினல் ரிஷ்லியூ 1629இலிருந்து க்ளூனியின் மடாதிபதி, பின்னர் மஸாரினும். ஒரு ராஜ்யத்தையே நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு க்ளூனி வருமானக் கணக்கில் ஒரு வரி. உள்ளே துறவிகளின் அன்றாடத்தைப் பிரியர் பார்த்துக்கொண்டார். ஆக உங்கள் கேள்விக்கு, முறை கெட்டதால் சரியவில்லை. யாரும் கைவைக்கக் கூடாது என்ற அந்தச் சாசன வரியை மதிக்க ஆளில்லாமல் போனபோது, உள்ளே தேர்தல் நடந்தாலும் ஒன்றுதான், கைமாற்றல் நடந்தாலும் ஒன்றுதான்.

1790இல் பிரெஞ்சுப் புரட்சி மடத்தை மூடியது. சில வருடத்தில் கட்டடத்தை விற்றார்கள், வாங்கியவர்கள் கல்லுக்காக இடித்தார்கள். 187 மீட்டரில் இன்று, சிலுவை வடிவக் கோயிலின் தெற்குக் கைப்பகுதியும் எண்கோணக் கோபுரமும் இன்னும் கொஞ்சமும் நிற்கின்றன.

ஒன்று சொல்ல மறந்தேன். பெர்னோ க்ளூனியைக் கேட்டபோது வில்லியம் தயங்கினாராம், அது அவருடைய வேட்டை நாய்கள் இருக்கும் இடம். நாய்களை வெளியேற்றித் துறவிகளை வையுங்கள், கடவுள் எதற்குப் பலன் தருவார் என்று உங்களுக்கே தெரியும் என்றாராம் பெர்னோ. இடித்த பிறகு அங்கே நெப்போலியன் அரசு குதிரைப் பண்ணை வைத்தது.

அன்புடன்.