வாகன ஓட்டியின் விதிமீறல்களைக் காரே தானாகக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அண்மையில் சொந்தக் கார் வாங்கியவராக இருக்க வேண்டும். அதுவும் சிம் பொருத்தி வருகிற கார். ஷோரூமில் சாவியைக் கொடுக்கும்போதே, "சார், வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் போனது, எல்லாவற்றையும் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லியிருப்பார்கள். இரண்டு நாள் அதை நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டிருப்பீர்கள். மூன்றாம் நாள், எனக்குத் தெரிவது இன்னும் யார் யாருக்குத் தெரிகிறது என்ற சந்தேகம் வந்திருக்கும். உங்களுக்கு இது வரலாமா, கூடாதா என்கிற விவாதம். எனக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. நான் ஓட்டுவது கோள் சொல்லும் கார்.

சென்னை ராஜீவ் காந்தி சாலையில், அதாவது எல்லோரும் ஓ.எம்.ஆர். என்று சொல்கிற சாலையில், கணினி நிறுவன ஊழியர்களை இரவுப் பணிக்கு ஏற்றி இறக்குகிறேன். மஞ்சள் போர்டு வண்டி. 2019 முதல் பதிவாகும், வாடகைக்குப் பயணிகளை ஏற்றும் வாகனங்களில், ஆட்டோ போன்றவை நீங்கலாக, இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் இருந்தாக வேண்டும் என்பது விதி. 80 கி.மீ.க்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தனி. இவை அரசாங்கம் சொன்னவை, இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை மூன்றாவது பெட்டியோடு. ஒப்பந்தம் எடுத்திருக்கிற நிறுவனம் ஸ்டியரிங்குக்குக் கீழே பொருத்திவைத்த, தீப்பெட்டி அளவுள்ள கறுப்புப் பெட்டி. வேகம் கூடினாலும், சட்டென்று பிரேக் பிடித்தாலும், வளைவில் வெடுக்கென்று திருப்பினாலும் அது உடனே டிரான்ஸ்போர்ட் டெஸ்க்குக்குச் செய்தி அனுப்பிவிடும். ஒரு செய்திக்கு 300 ரூபாய் பிடித்தம். மாதத்தில் மூன்று சேர்ந்துவிட்டால் ஒரு வாரம் டிரிப் கிடையாது.

"அப்படியானால் ஒழுங்காக ஓட்ட வேண்டியதுதானே" என்று கீழே எழுத இப்போதே யாரோ தயாராகியிருப்பார். பொறுங்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், அதில் தமிழ்நாட்டில் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் நம் மாநிலத்துக்குத்தான் முதலிடம். நடுச்சாலையில் ஒற்றைச் செருப்பு கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு பிசையும். வேகத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. நான் உத்தமனும் அல்ல. விடியற்காலை 3 மணிக்கு, ஆள் அரவமில்லாத சிக்னலில் சிவப்பு விளக்கைத் தாண்டியிருக்கிறேன். பெட்டி வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் அதற்கு விளக்கின் நிறம் தெரியாது. அது என்னைக் காட்டிக்கொடுத்த இடம் வேறு.

சோழிங்கநல்லூரிலிருந்து பெரும்பாக்கம் வழியாக மேடவாக்கம் போகும் சாலை. மார்கழி மாதம், இரவு ஒன்றே முக்கால் இருக்கும். பின்னால் கடைசியாக இறங்க வேண்டிய பெண் ஊழியர் ஒருவர். முன் இருக்கையில் காவலாளி, அரைத் தூக்கத்தில். அந்தப் பக்கம் சதுப்பு நிலத்தில் மேயும் எருமைகள் பனிக்காலத்தில் தார்ச் சாலைக்கு ஏறிவந்து படுத்துக்கொள்ளும். பகல் வெயிலின் சூடு தாரில் கொஞ்சம் மிச்சமிருக்கும் அல்லவா, அதற்காக. தாய் எருமையைத் தொலைவிலேயே பார்த்துவிட்டேன், கண்கள் இரண்டும் விளக்கொளியில் மின்னின. அதை ஒதுக்கிக்கொண்டு வலப்பக்கம் வரும்போது, அதன் மறைவில் ஒரு கன்று எழுந்து நின்றது. கறுப்புச் சாலையில் கறுப்புக் கன்று. முழுப் பலத்தையும் போட்டு மிதித்தேன். காவலாளியின் தண்ணீர் பாட்டில் உருண்டுவந்து என் கால் பக்கம் மோதியது. கன்றின் மூக்குக்கும் என் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். அது அவசரப்படாமல் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நடந்து போனது.

எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. அதற்குள் கைப்பேசி அடித்தது.

"அண்ணா, பெரும்பாக்கத்தில் திடீர் பிரேக் என்று காட்டுகிறது. என்ன அண்ணா, தூங்கிவிட்டீர்களா?"

நேரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது. எருமை என்றேன். "சரி அண்ணா, ஆனால் சிஸ்டத்தில் ஏறிவிட்டது, என்னால் எடுக்க முடியாது" என்றான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு முன்னால் இருப்பது ஒரு திரை, திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. பின்னால் இருந்த அந்தப் பெண், "நான் வேண்டுமானால் மெயில் போடுகிறேன் அண்ணா" என்றார். போட்டார். மாதக் கடைசியில் 300 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். பிரேக் பிடிக்காமல் கன்றை அடித்திருந்தால் பெட்டி என்ன சொல்லியிருக்கும் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

இன்னொரு கூத்து. மெட்ரோ ரயில் வேலைக்காக ஓ.எம்.ஆரில் தடுப்புகளை வைத்துச் சாலையை இங்கும் அங்கும் வளைத்தார்கள். பெட்டிக்குள் இருந்த வரைபடம் பழையது. முதன்மைச் சாலையில் 48-இல் போய்க்கொண்டிருந்த என்னைப் பக்கத்துக் குடியிருப்புத் தெருவில் போவதாக அது எடுத்துக்கொண்டது. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்த வரம்பின்படி இலகுரக வாகனங்களுக்கு நகரச் சாலையில் 60, குடியிருப்புத் தெருவில் 30. ஆக, சட்டத்துக்கு உட்பட்டுப் போனவன், 18 கி.மீ. கூடுதலாகப் போன குற்றவாளி. இன்னொரு 300.

இப்போது எதிர்த்தரப்பையும் நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்னால் எரிச்சலாக இருக்கும்.

அதே பெட்டி ஒருமுறை என்னைக் காப்பாற்றியது. ஒரு மாலையில் எதிர்த்திசையில் வந்த பையன் ஒருவன் என் முன்பக்க மட்கார்டில் உரசி விழுந்தான். கடவுள் புண்ணியத்தில் முழங்கை எலும்பு முறிவோடு போயிற்று. ஆனால் அவனுடைய ஆட்கள் இருபது பேர் கூடிவிட்டார்கள், கார் 80-இல் வந்தது என்று ஒரே குரலில் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேர் அப்போதுதான் டீக்கடையிலிருந்து எழுந்து வந்தவர்கள். காவல் நிலையத்தில் எஸ்.ஐ. நிதானமான மனிதர். "உங்கள் வண்டியில்தான் பெட்டி இருக்கிறதே, அதன் பதிவை வாங்கி வாருங்கள்" என்றார். எனக்கு உயிர் வந்தது. டெஸ்க்குக்குப் போன் செய்தேன். கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள், தந்தேன். மேலாளர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பிறகு தலைமை அலுவலகம் வெளியூரில் இருக்கிறது, அங்கிருந்து அனுமதி வர வேண்டும் என்றார்கள். பதிவு கைக்கு வர 11 நாள் ஆயிற்று. அத்தனை நாளும் பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், பார்த்து முடித்த வண்டி, நிலையத்து வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு நின்றது. 11 நாள் கழித்து வந்த தாளில் ஒரே ஒரு வரிதான் தேவைப்பட்டது: மோதிய நொடியில் வேகம் மணிக்கு 31 கி.மீ.

என்மேல் புகார் போக நான்கு நிமிடம். எனக்காகச் சாட்சி வர 11 நாள். பெட்டி ஒன்றுதான், அதே சிம்தான். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் என்று இருப்பது இதுதான்.

அதனால் காவல்துறைக்கு நேரடியாகச் செய்தி போகும் ஏற்பாடு வேண்டாம் என்கிறேன். சாலையோரக் கேமராவுக்காவது ஒரு முறை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-யின்படி கருவிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும், 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். கேமரா அனுப்பும் படத்தில் வண்டி எண் இருக்கும், இடம் இருக்கும். அது நான் இல்லை என்று வாதாடவாவது முடியும். எருமை இருந்ததா இல்லையா என்று பெட்டி அனுப்பும் எண்ணைப் பார்த்து யாருக்குத் தெரியும்? ஓட்டியது யார் என்பதும் அதற்குத் தெரியாது. காய்ச்சலில் கிடக்கும்போது ஆக்டிங் டிரைவரை அனுப்புவேன். அவர் செய்த தப்புக்கும் என் பெயர்தான் திரையில் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு, யார் ஓட்டியது என்று சொல்லும் பொறுப்பை உரிமையாளர் தலையில்தான் வைக்கிறது. அதாவது கார் என்னைப் பற்றிச் சொல்லும், நான் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தன்னைத்தானே குற்றவாளியாக்கும் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியலமைப்பின் 20(3)-ஐச் சிலர் இங்கே தூக்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் தெரு வழக்கறிஞரிடம் நானும் ஆசையோடு கேட்டேன். கைரேகை கொடுப்பது சாட்சி சொல்வது ஆகாது என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, உன் பெட்டியையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள் என்று சிரித்தார். அந்த நம்பிக்கையும் போயிற்று.

எச்சரிக்கை வேறு, புகார் வேறு. 2019 ஜூலைக்குப் பின் வந்த கார்களில் 80-ஐத் தாண்டினால் அவ்வப்போதும் 120-ஐத் தாண்டினால் விடாமலும் ஒலி வருகிறதே, அது நல்லது. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதுக் கார்களும் வேக வரம்பை ஓட்டுநருக்கு நினைவூட்டுகின்றன, போலீசுக்குச் சொல்வதில்லை. அமெரிக்காவில் என்ன ஆயிற்று என்றும் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களிலிருந்து ஓட்டும் விவரம், விவரங்களை வாங்கி விற்கும் தரகு நிறுவனங்களுக்குப் போய், அங்கிருந்து காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போனது 2024-இல் அம்பலமானது. பிரீமியம் ஏறிய பிறகுதான் சிலருக்குத் தங்கள் கார் பேசியதே தெரிந்தது.

எழுத வந்தது இதுவல்ல, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் கார் எத்தனை நொடி நின்றது, எத்தனை நொடி ஏ.சி. ஓடியது என்பதையெல்லாம் எண்ணும் இந்த நிறுவனங்களின் வளாகத்தில் ஓட்டுநர்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது. உள்ளே பத்து மாடி, மாடிக்கு நான்கு. கேட்டுக்கு வெளியே நாங்கள் நாற்பது பேர், காலி மனையில் கருவேலமுள்ளை ஒதுக்கிக்கொண்டு நிற்கிறோம். சர்க்கரை வியாதிக்காரன் நான். வண்டியை அரை கிலோமீட்டர் தள்ளி பெட்ரோல் பங்குக்கு எடுத்துப்போனால், அனுமதியில்லாமல் இடம் மாறியதாக அதற்கும் ஒரு செய்தி போகிறது. இதைத் தெரிவிக்க ஏதாவது கருவி இருந்தால் சொல்லுங்கள், என் செலவில் வாங்கி மாட்டுகிறேன்.

கேட்டவருக்கு ஒன்று. ஷோரூமில் கையெழுத்துப் போட்ட தாள்களை எடுத்து, விவரத்தை யாரோடு பகிர்வோம் என்ற பகுதியைப் படியுங்கள். உங்கள் காரின் பதிவை, யாரிடமும் கடிதம் எழுதிக் கொடுக்காமல், நீங்களே இறக்கி எடுக்க முடிகிறதா என்று இன்றே பாருங்கள். என்னால் இன்றுவரை முடியாது. கடவுச்சொல் டெஸ்க்கில் இருக்கிறது. பெட்டிக்கான வாடகை, மாதம் 250 ரூபாய், என் கணக்கில் பிடிக்கிறார்கள்.