அந்த 70,000 எப்படி வந்தது? பி.காம். முடித்த மகளின் அம்மாவுக்கு

அம்மா, மகளை நண்டு கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு அனுப்ப நினைக்கிறீர்கள். அதற்கு இன்னொரு கம்ப்யூட்டர் கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். எக்செல்லில் பிவட் டேபிள், அதாவது நூற்றுக்கணக்கான வரிகளை ஊர்வாரியாக, ரகவாரியாகத் தொகுத்துக் காட்டும் அட்டவணை, போட அவளுக்குத் தெரியும் என்கிறீர்கள். அதன் கடைசி வரியில் வரும் கிராண்ட் டோட்டலை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பதை முதலில் பழகட்டும். மண்டபம், பாம்பன் பக்கம் எடையும் விலையும் நாளுக்கு நாள் மாறும். கணக்கு பிசகுவது அங்கேதான்.

பிவட் டேபிளுக்கு அடியாக இருக்கும் மூலத் தாளில் தேதி, ஊர், ரகம், எடை, விலை, தொகை என்று ஆறு தலைப்புப் போடட்டும். எடைக் கட்டத்தில் ‘12 கிலோ’ என்று அடிக்கக் கூடாது, 12 மட்டும். எழுத்து கலந்துவிட்டால் எக்செல் கூட்டுவதை விட்டு, எத்தனை வரி என்று எண்ணிக் காட்டும். ‘சம்’ (கூட்டல்) என்று மாற்றினாலும் அந்த 12 கூட்டலில் சேராது. புது வரி சேர்த்தால் ரிஃப்ரெஷ் கொடுக்க வேண்டும்.

இனி முக்கியமானது. முதல் நாள் நண்டு 10 கிலோ, கிலோ 400 ரூபாய். மறுநாள் 90 கிலோ, கிலோ 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த பணம் 31,000. விலைக்கு ‘ஆவரேஜ்’ போட்டால் கிராண்ட் டோட்டலில் 350 வரும். கம்பெனிக்கு உண்மையில் அடக்கமான விலை 310 தான், ஏனென்றால் மலிவான நாளில்தான் நிறைய வாங்கியிருக்கிறார்கள். கால்குலேட்டட் ஃபீல்டில் (பிவட் டேபிளுக்குள்ளேயே நாமே சூத்திரம் எழுதிச் சேர்க்கும் பத்தி) விலையை எடையால் பெருக்கினால் இன்னும் மோசம்: 70,000 வரும். எக்செல் விலைகளைத் தனியே கூட்டி 700, எடைகளைத் தனியே கூட்டி 100 என்று எடுத்து, அதன் பிறகுதான் பெருக்குகிறது. ஆகவே பெருக்கலை மூலத் தாளின் தொகைப் பத்தியிலேயே வரிக்கு வரி செய்துவிட வேண்டும். கால்குலேட்டட் ஃபீல்டில் தொகையை எடையால் வகுக்கட்டும். கடைசி வரியிலும் 310 சரியாக நிற்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அந்த நாட்களுக்கு எடையில் 0 போட்டால் சராசரி இறங்கும். வெறுமையாக விட்டால் அந்த நாட்கள் கணக்கில் வராது. எது வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டுவிட்டுப் போடுவதே நல்லது.

தோற்றத்தை மாற்றுவது எளிது. டிசைன் தாவலில் கிராண்ட் டோட்டல்ஸ். ‘ஆன் ஃபார் ரோஸ் ஒன்லி’ கொடுத்தால் வலப்பக்கப் பத்தி மட்டும் நிற்கும், கீழ் வரி போய்விடும். பலர் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். பெயர் பிடிக்கவில்லையென்றால் அந்தக் கட்டத்தின் மேலேயே ‘மொத்தம்’ என்று அடிக்கலாம். கூட்டலும் சராசரியும் சேர்ந்து வேண்டுமானால் எடையை ‘வேல்யூஸ்’ பெட்டியில் இரண்டு முறை இழுத்துவிட்டு, ஒன்றை ‘ஆவரேஜ்’ என்று மாற்ற வேண்டும். தொகையில் சந்தேகம் வந்தால் அதன்மேல் டபுள் கிளிக். அடியிலுள்ள வரிகள் எல்லாம் புதுத் தாளில் விரியும்.

பிறகும் கோர்ஸ் வேண்டும் என்று தோன்றினால், அந்த 70,000 ஏன் வந்தது என்று அங்கே சொல்லித்தருபவரிடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள். விளக்கினால் பணம் கட்டலாம்.