மூன்று வேக கியர் பெட்டி: இரண்டு கியர் ஒரே நேரத்தில் மாட்டுவது ஏன்?

கேள்வி: நகரும் கியர் தொகுதியுடன் (தண்டின் மேல் சேர்ந்தே நகரும் மூன்று கியர்கள்) மூன்று வேகப் பெட்டி செய்கிறேன். தண்டுகளின் மைய தூரம் 60 மி.மீ., மாடுல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 2, பல் அகலம் 16 மி.மீ. வேகம் மாற்றும்போது தண்டு பூட்டிக்கொள்கிறது. பற்களின் எண்ணிக்கை தவறா?

பதில்: மாடுல் 2-க்கு ஒவ்வொரு ஜோடியின் பற்களும் கூட்டினால் 60 வர வேண்டும். 20-40, 24-36, 30-30 எடுத்தால் 2, 1.5, 1 என்ற விகிதங்கள் கிடைக்கும். 20 டிகிரி அழுத்தக் கோணத்தில் (பல்லின் பக்கச் சாய்வைக் குறிக்கும் கோணம்) 17 பல்லுக்குக் கீழே போகாதீர்கள். பல் வெட்டும்போது அதன் அடி குடையப்பட்டு பலவீனமாகும்.

பூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இடைவெளிதான். முதல் ஜோடி முழுதாக விலகும் முன் அடுத்தது மாட்டினால், தண்டு ஒரே நேரத்தில் இரண்டு வேகத்தில் சுழல வேண்டியிருக்கும்; அது நடக்காது. நிலையான கியர்களுக்கு இடையே பல் அகலத்தைப் போல இரு மடங்கு, அதாவது குறைந்தது 32 மி.மீ. வெற்றிடம் தேவை, 34 வைத்தால் நிம்மதி.

நகரும் தொகுதியில் 20, 24, 30 பல் கியர்கள் இருந்தால், 30 பல் கியர் நடுவில்தான் இருக்க வேண்டும். 24 பல் கியரின் வெளி ஆரம் (பல் முனை வரை) 26 மி.மீ., அது தாண்ட வேண்டிய நிலையான 30-ன் வெளி ஆரம் 32. கூட்டினால் 58, மைய தூரம் 60. வெறும் 2 மி.மீ.யில் உரசாமல் கடந்துவிடும். 30-ஐ ஓரத்தில் வைத்தால் அடுத்த கியரில் இடித்து நின்றுவிடும்.

சுமையில் கியர் தானாக விலகினால் ஃபோர்க் தண்டின் (கியரை நகர்த்தும் கவையைத் தாங்கும் தண்டு) பள்ளத்தையும், அந்தப் பள்ளத்தில் பந்தை அழுத்தும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். ஓடும்போது மாற்றாதீர்கள், பல் முனை நொறுங்கும்.