ஜப்பானின் மரபு நாடகமான கபுக்கியின் நடிகர்களைக் காட்டும் மரஅச்சு ஓவியங்களில் கண் ஏன் மாறுகண்ணாக இருக்கிறது?

வரைந்தவரின் பிழை இல்லை, மேடையில் நடிகரே அப்படித்தான் நிற்பார். கபுக்கியில் கதை உச்சத்துக்கு வரும்போது நடிகர் தலையைச் சுழற்றி, ஒரு கண்ணை மூக்குப் பக்கம் திருப்பி அப்படியே உறைந்துவிடுவார், கூடவே மரக்கட்டைகளைப் படபடவென்று தட்டுவார்கள். இதற்கு 'மியே' என்று பெயர். எடோ (இன்றைய டோக்கியோ) நகர ரசிகர்கள் இந்தக் கணத்தைத்தான் படமாகக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

ஷராக்கு என்ற ஓவியர் 1794-ல் வரைந்த, மூன்றாம் ஒதானி ஒனிஜி என்ற நடிகரின் படத்தைப் பாருங்கள். பணம் பறிக்க வரும் அடியாள் எடோபெய் வேடம். இறுகிய வாய், உடைக்குள்ளிருந்து விரல்களை விரித்து நீளும் கைகள், பின்னால் மைக்காத்தூள் மினுங்கும் கருமை. முகத்துக்குக் கைகள் ரொம்பச் சிறியவை, ஆனால் படத்தின் பதற்றமே அதில்தான் இருக்கிறது என்பேன். அப்புறம், இதற்கு ஜோடியாக முதலாம் இச்சிகாவா ஒமேசோ என்ற நடிகர் வாளை உருவும் படமும் உண்டு; இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காட்சி முழுதாகப் புரியும்.